கட்டப்பனைக்குக் கொண்டுபோன எண்ணெய்

மதுரையிலிருந்து தேனியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது புதுக் கலெக்டர் வந்தார், புது எஸ்.பி. வந்தார், அரசாங்க அலுவலகங்களில் போர்டு மாறியது. எங்களைப் போன்ற நாலைந்து பேருக்கு மட்டும் இன்னொன்றும் வந்தது. மாநிலக் கால்பந்துப் போட்டிக்கு இனி எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே ஓர் அணியை அனுப்பலாம். அதுவரை மதுரை அணிதான் எங்களுக்கும் அணி. தேர்வு காலை ஆறு மணிக்கு என்றால் கம்பம் பக்கத்துப் பையன்கள் முந்தின நாளே பஸ் ஏற வேண்டும். பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்து, வெறும் டீயைக் குடித்துவிட்டு, மைதானத்தில் இருநூறு பேரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதில் அதில் நின்று தேர்வும் ஆனேன். லெஃப்ட் பேக், இடது ஓரத்துத் தடுப்பாட்டக்காரன். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் சின்னமனூரில் ஒரு மேட்சில் இடது முட்டி பிசகியிருந்தது. தேர்வு செய்ய வந்த பெரியவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு சார்" என்றேன். மாநிலப் போட்டியில் இரண்டாம் பாதியில் அந்த முட்டி என்னைக் கீழே தள்ளியது. மாற்று ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே இறங்கியாயிற்று. மீதி நேரம் பத்துப் பேரோடு ஆடித் தோற்றார்கள். ஊர் திரும்பும்போது என்னோடு ஒருவரும் பேசவில்லை. அந்த ஒரு பொய்யை நான் மறக்கவே இல்லை. பிற்பாடு நான் செய்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் காரணங்களில் அதுவும் ஒன்று.

புது மாவட்டத்துக்கு அணி அனுப்பும் உரிமை கிடைத்ததே தவிர, ஆட்டக்காரர்கள் கிடைக்கவில்லை. நன்றாக ஆடுகிறவன் எவனும் ஊரில் இல்லை. ஒருவன் சென்னையில், ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி அணியில், இரண்டு மூன்று பேர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் கிளப்புகளில். சோறு போடுகிற இடத்தில் ஆடுகிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் மைதானத்தில் மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், எங்கும் போக வழியில்லாதவர்களும்தான். அவர்களை வைத்து மாநிலப் போட்டிக்குப் போனால் முதல் மேட்சிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் வருஷம் அப்படித்தான் கட்டினோம்.

தேர்வுக் குழு என்று மூன்று பேர் இருந்தோம். செயலாளர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ஜெர்சி தைத்துக் கொடுக்கும் டெய்லர் ஒருவர். நான். டெய்லர் கடையின் பின்பக்கம்தான் எங்கள் அலுவலகம். வெளியே ஆடுகிறவர்களை நேரில் போய்ப் பார்த்து, கூப்பிடலாமா வேண்டாமா என்று எழுதித் தருவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். சரக்கு பார்க்க வாரத்துக்கு இரண்டு முறை மலை ஏறி, கேரளப் பக்கம் வண்டன்மேடு, கட்டப்பனை, குமுளி என்று போய்வருகிறவன். "நீங்கதான் எப்பவும் அங்கன போறீகளே" என்று டிரில் மாஸ்டர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஏலக்காய் பார்ப்பதில் ஒரு முறை உண்டு. மூட்டையின் மேலே கிடப்பதைப் பார்க்கவே கூடாது. அது நமக்காகவே வைத்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும். ஆட்டக்காரனையும் நான் அப்படித்தான் பார்த்தேன். பந்தைப் பார்க்க மாட்டேன். பந்து அவனிடம் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். ஜெயிக்கும்போது எல்லாரும் ஓடுவார்கள், தோற்கும்போது ஓடுகிறானா என்று பார்ப்பேன். ஒருவனை மூன்று முறை பார்க்காமல் எழுதித் தர மாட்டேன். முக்கியமாக, நான் பார்க்க வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூட்டையின் மேல்பக்கத்தைத்தான் காட்டுவான். அதனால் நான் தேர்வுக் குழுவில் இருப்பதே மூன்று பேருக்கு மேல் யாருக்கும் தெரியாது. என் வீட்டில்கூட ஏலக்காய்க்குப் போவதாகத்தான் சொல்லிவைத்திருந்தேன்.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். முன்பக்கத்திலிருந்து ஏலக்காய், பின்பக்கத்திலிருந்து ஆட்டக்காரர்கள். ஆளுக்கு நாலு வரிக்கு மேல் எழுத மாட்டேன். திருப்பூரில் ஒரு கோல்கீப்பரைப் பார்க்கப் போனேன். மூன்று வருஷம் முன்னால் பூனை மாதிரிப் பாய்ந்தவன். இப்போது கம்பெனி மெஸ் சாப்பாட்டில் தொப்பை வைத்து, கோல் போஸ்ட்டில் சாய்ந்துகொண்டு, பின்னால் நிற்கிறவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். பந்து உள்ளே போன பிறகு திரும்பி, "எப்பப்பா அடிச்சான்?" என்று அவர்களிடமே கேட்டான். அவனைப் பற்றி ஒரே வரிதான் எழுதினேன். மூன்று முறை பார்க்கவில்லை. சில சரக்குக்கு ஒரு பிடியே போதும்.

மாவட்டம் பிரிந்து மூன்றாம் வருஷம் நான் பார்க்கப் போனது அனுமந்தன்பட்டிப் பையன் ஒருவனை. பார்வர்டு. ஒல்லியாக, நீளக் கால்களோடு இருப்பான். அப்பா இல்லை. அம்மா சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டத்தை வைத்துக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தார். கோட்டயம் பக்கம் ஒரு செவன்ஸ் கிளப் அவனை வைத்திருந்தது. செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு கிடையாது. கூட்டம் எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கும். பார்வர்டுகள் எதிரி கோல் வாசலில் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருப்பார்கள். இவன் காத்திருக்கவில்லை. தன் கோல் வரை ஓடிவந்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினான். இரண்டாம் முறை பார்த்தபோது அவன் கிளப் இரண்டு கோல் பின்னால் இருந்தது. பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. எறிய வேண்டியவன் எதிரணி ஆள். நேரம் போக்கலாம் என்று அவன் ஆடி அசைந்து வந்தான். இவன் கூட்டத்துக்குள் தலையை விட்டு, பந்தை எடுத்து, அந்த ஆளின் கையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் இடத்துக்கு ஓடினான். "தோற்கும்போது நடக்கவில்லை" என்று நோட்டில் எழுதினேன். யாரைப் பற்றியும் அதற்கு முன்னால் நான் அப்படி எழுதியதில்லை.

டிரில் மாஸ்டருக்கு போன் செய்து சொன்னேன்.

"நல்லது. அவனுக்கு இந்த வருசம் விட்டா கெடையாது. அடுத்த வருசம் வயசு தாண்டிரும்" என்றார்.

அவர் சொன்னது ஆட்டத்துக்கான வயதை அல்ல. மாநிலப் போட்டியில் மாவட்டத்துக்கு ஆடினால் ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். அந்த சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். மனுப் போட வயது வரம்பு உண்டு. அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வருஷம். அதாவது என் நாலு வரி.

"மூணாவது வாட்டி பாத்துட்டு எழுதித் தர்றேன்" என்றேன்.

"ரெண்டு வாட்டி பாத்ததே போதாதா?"

"மூணுன்னா மூணுதான்" என்றேன். எனக்கு என் முறை மேல் அவ்வளவு பெருமை.

மூன்றாவது மேட்ச் கட்டப்பனையில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. முந்தின நாள் காலை கடையில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மஞ்சள் பை.

"தம்பி, நீங்க கட்டப்பனைக்குப் போவீகளாம்ல? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில சொன்னாக."

"ஆமாக்கா, நாளைக்குப் போறேன். என்ன வேணும்?"

"எம்மகன் அங்கன பந்து வெளையாட வாரானாம். பக்கத்து வீட்டு போன்ல பேசுனான்" என்று சொல்லி மகன் பேரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகத்தை ஏலக்காய்ச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மலை ஏறுகிறவன் கையில் எதையாவது கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். முறுக்கு, மருந்து, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் நான் கொண்டுபோயிருக்கிறேன். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பழைய மருந்து பாட்டில். மூடிக்கு மேல் பாலித்தீனைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். உள்ளே கறுப்பாக எண்ணெய்.

"சின்னமனூரு வைத்தியர்ட்ட வாங்குனது. வலது முட்டி ரொம்ப வலிக்குதாம் தம்பி. காலை மடக்க முடியல, பஸ்ல ஏற முடியலன்னு சொன்னான். ஊருக்கே வர முடியலங்கான், கிளப்புல வலியோடயே வெளையாட வைக்காகளாம். ராத்திரி சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க."

"சரிக்கா."

"மாவட்டத்து டீமுக்கு ஆளெடுக்காகளாம்ல. அதுல மட்டும் எடுத்துட்டா சர்டிபிகேட் குடுப்பாகளாம். வேலை கெடச்சுரும்னு எல்லாரும் சொல்றாக. அதுக்குள்ள முட்டி சரியாயிரணும்."

"சரியாயிரும்க்கா" என்றேன். அவர் பாட்டிலை என் கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கிவிட்டுப் போனார்.

கம்பம் மெட்டு ஏறும் பஸ்ஸில் அந்த பாட்டில் என் சட்டைப்பையில் நோட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வளைவுக்கு வளைவு யோசித்தேன். அவனிடமே கேட்டுவிடலாம். கேட்டால் என்ன சொல்வான்? நல்லா இருக்கு என்பான். வேலை போய்விடும் என்று தெரிந்தால் எந்த ஆட்டக்காரனும் அதைத்தான் சொல்வான். நான் சொல்லவில்லையா? ஆகவே அவனிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் போய் முட்டி வலி என்று எவன் பொய் சொல்வான்? எனக்குக் கிடைத்தது மூட்டையின் அடியில் கிடந்த பிடி என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டப்பனையில் கோலுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் ஆட்டக்காரனைப் பார்க்கவில்லை, ஒரு முட்டியைப் பார்த்தேன். அது வலது முட்டி. திரும்பும்போதெல்லாம் இடது காலில் திரும்பினான். அதைக் குறித்துக்கொண்டேன். மூன்று கார்னருக்கு அவன் எம்பவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன். ஒருமுறை குனிந்து வலது காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பூட்ஸ் கயிறு கட்டினானோ என்னவோ, நான் முட்டியைப் பிடிக்கிறான் என்று எழுதினேன். அவன் கிளப் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. மூன்றில் இரண்டு அவன் அடித்தது. அதை நோட்டில் எழுதவே இல்லை. இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இரண்டு கோலைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது.

ஆட்டம் முடிந்து, ஆட்கள் கலைந்து, அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது போய் நின்றேன்.

"தம்பி, நான் கம்பத்துல ஏலக்காய்க் கடை. ஒங்கம்மா இதக் குடுத்துவிட்டுச்சு. முட்டிக்காம்."

அவன் பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆமாண்ணே. லேசாத்தான் இருக்கு. சரியாப் போயிரும்."

"ரொம்ப வலிக்குதுன்னு சொன்னாக."

"அது... ஆமாண்ணே. ரொம்பத்தான் வலிச்சது. அம்மாட்ட வாங்கிக்கிட்டான்னு சொல்லிருங்க. இன்னும் வலிதான், ஊருக்கு வர நாளாகும்னும் சொல்லிருங்க."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் நோட்டை எடுத்தேன். பாட்டில் கசிந்து கடைசி நாலைந்து பக்கங்களில் எண்ணெய் இறங்கியிருந்தது. பேனா வழுக்கியது. காய்ந்த ஓர் ஓரம் பார்த்து எழுதினேன். "வலது முட்டியில் காயம். மறைக்கிறான். மாநிலப் போட்டிக்குத் தாங்காது. வேண்டாம்."

டெய்லர் கடையில் உட்கார்ந்து படித்தபோது டிரில் மாஸ்டருக்கு மனசே ஆறவில்லை. "ஒரு வார்த்தை அவன்கிட்டயே கேட்டுப் பாக்கலாமே" என்றார்.

"கேட்டா இல்லைம்பான். நானும் அப்படித்தான சொன்னேன்? பத்துப் பேரோட ஆட விட்டேன்ல?"

என் முட்டிக் கதை அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் இடத்தில் உத்தமபாளையம் காலேஜ் பையன் ஒருவனை எழுதினார்கள். அந்த வருஷமும் முதல் மேட்சிலேயே தோற்றோம். ஒன்றுக்குச் சைபர். கோல் வாசலில் நாலு முறை பந்து கிடைத்தும் அடிக்க ஆள் இல்லை. டிரில் மாஸ்டர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் ஒருத்தன் இருந்திருந்தால் என்று சொல்லிச் சொல்லி வந்தார். அந்த அனுமந்தன்பட்டிப் பையன் பாதியில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்டேன். நான் சரியாகத்தான் செய்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லப்போனால், என் பழைய பொய்க்குப் பரிகாரம் செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அனுமந்தன்பட்டி ஸ்டாப்பில் அந்த அம்மா பஸ் ஏறினார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"தம்பி, நல்லா இருப்பீக. அந்த எண்ணெயில ஒரே வாரத்துல வலி போயிருச்சாம். ஆனா பாருங்க, டீமுல எடுக்கல. எவனோ பாத்துட்டுப் போயி வேண்டாம்னு எழுதிட்டானாம். அப்படி எழுதுன கை வெளங்காமப் போக."

கம்பியைப் பிடித்திருந்த கையை நான் இறக்கிக்கொண்டேன். "விடுங்கக்கா" என்றேன். வலி ஒரே வாரத்தில் போயிற்று என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அம்மாவைத் தேற்ற அப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். அவன் அம்மாவிடம் பொய் சொல்வான் என்று அப்போது மட்டும் எனக்கு எப்படித் தோன்றியதோ!

அதற்குப் பிறகும் ஆறேழு வருஷம் நோட்டும் கையுமாக அலைந்தேன். பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள், குழு மாறியது, என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை. என் இடது முட்டி மோசமாகிக்கொண்டே வந்தது. மலைக்குப் போவதை வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு நாள் வண்டன்மேட்டில் வேலை முடிந்து நின்றபோது பஸ் வரவில்லை. எஸ்டேட் வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கியது. கை காட்டினேன். டிரைவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, முன்னால ஏறுங்க" என்றான். ஒரு காலைத் தூக்கி வைத்து, கம்பியைப் பிடித்து, மெல்ல ஏறினேன். ஏறிய பிறகுதான் ஆளைத் தெரிந்தது. நீளக் கால்கள் கிளட்சுக்கும் சீட்டுக்கும் நடுவே மடங்கிக் கிடந்தன. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

வளைவுகளில் வண்டி தானாக இறங்குகிற மாதிரி ஓட்டினான். கிளப்பில் இன்னும் நாலு வருஷம் ஆடினானாம். பிறகு ஊருக்கு வந்து, ஜீப் வாங்கி, காலை ஏற்றம், மாலை இறக்கம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். எந்த ஊர்ப் பெண் என்று கேட்டேன். சிரித்தான்.

"வடுகபட்டி. அது ஒரு கதைண்ணே. ஒங்களுக்கும் அதுல பங்கு இருக்கு."

"எனக்கா?"

"ஆமா. அந்தப் பொண்ணத்தான் அப்ப பாக்க வரச்சொல்லி அம்மா உசுர எடுத்துச்சு. எனக்கு அப்பக் கல்யாணமே வேண்டாம். வேலை கெடைக்காம என்னத்தக் கட்டிக்கிறது? முட்டி வலிக்கி, பஸ் ஏற முடியலன்னு போன்ல அடிச்சு விட்டேன். பாத்தா, நீங்க பாட்டிலோட வந்து நிக்கிறீக." பின்னால் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை போல. "இல்லைன்னு சொன்னா நீங்க ஊருல போயிச் சொல்லிருவீக. அதான் ஆமாண்ணே, வலின்னேன். அந்த எண்ணெய எங்க கிளப் கோல்கீப்பருக்குக் குடுத்துட்டேன், இடுப்புல தேச்சான். நாலு வருசம் கழிச்சு அதே பொண்ணத்தான் கட்டி வச்சாக."

நானும் சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

"ஒனக்கு முட்டியில ஒண்ணுமே இல்லையா?"

"அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. பாக்குறீகள்ல?" வலது காலால் பிரேக்கை அமுக்கிக் காட்டினான்.

கம்பத்தில் பெண்கள் இறங்கினார்கள். நான் உத்தமபாளையம் போக வேண்டும். அனுமந்தன்பட்டியில் தன் வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் வண்டியில். புதுப்பட்டி தாண்டும்போது அவனே கேட்டான்.

"நீங்க அன்னைக்கு ஆட்டத்தப் பாத்தீகதான? ரெண்டு கோல் போட்டேன்ல? நல்லா ஆடலையாண்ணே? அந்த வருசம் ஏன் எடுக்கலன்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல."

சும்மா இருந்திருக்கலாம். பத்து வருஷமாகத் தெரியாதவனுக்கு இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் அவன் கேட்டது ஆட்டம் எப்படி என்று. அதற்கு ஒரு பதில் நான் தரவேண்டியிருந்தது. அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்டது அதுதான்.

"நல்லாத்தான் ஆடுன. அந்தக் குழுவுல நானும் இருந்தேன். ஒன்னைய வேண்டாம்னு எழுதுனது நான்தான்" என்றேன். "முட்டி போயிருச்சுன்னு எழுதுனேன்."

ஜீப் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் ரோட்டையே பார்த்தான். ஒரு லாரியை முந்தினான். பிறகு இன்னொரு லாரி. என்னை இறக்கிவிடுவான் என்று நினைத்தேன். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எண்ணெய வச்சா எழுதுனீக?" என்றான் கடைசியில்.

"ஆமா."

"ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா..."

"கேக்கல."

ஊருக்குள் திரும்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்" என்றான். "நான் பொய் சொன்னது தெரிஞ்சா பரவாயில்ல, சிரிச்சுக்கும். ஆனா தான் குடுத்துவிட்ட எண்ணெயாலதான் எனக்கு வேல போச்சுன்னு தெரிஞ்சா அது தாங்காது."

தலையை ஆட்டினேன்.

அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். முடி நரைத்திருந்தது. நான் ஜீப்பிலிருந்து இடது காலை இழுத்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன தம்பி, முட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ஒரு பாட்டில். அதே மாதிரி பாலித்தீன், அதே நூல்.

"வீட்டுல எப்பவும் ஒண்ணு வச்சிருக்கேன். எம்மகனுக்கு ஒரே வாரத்துல சரியாக்குன எண்ணெய் தம்பி, நீங்கதான கொண்டுபோயிக் குடுத்தீக. மூணு நாள் சூடு பண்ணித் தேச்சுட்டு, எப்படி இருக்குன்னு எனக்கு வந்து சொல்லணும்."

அவன் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. நான் பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் தேய்த்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாலாம் நாள் அனுமந்தன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வலியை வெளியே காட்டாமல் அந்த வீடு வரைக்கும் நடந்து போய், முட்டி நல்லா இருக்குக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.